படத்தில் அது எங்கே இருக்கிறது?

ஓர் ஓவியத்தை வகுப்பில் மாட்டி, "இது என்ன சொல்லுது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் ஓவியத்தை விட்டுவிட்டு டீச்சர் முகத்தைப் பார்ப்பார்கள். சரியான பதில் எப்போதும் அங்கேதான் இருக்கும் என்பது அவர்களுடைய அனுபவம். மீதிப் பேர், "அவங்கவங்களுக்கு எப்படித் தோணுதோ அதுதான் டீச்சர்" என்று கை கழுவிவிடுவார்கள்.

பெரியவர்களும் இந்த இரண்டு கட்சிதான். கண்காட்சிக்குப் போய்வந்த ஒருவர், "ஓவியர் மனசுல என்ன இருந்துச்சோ, நமக்கு எங்கே புரியுது" என்பார். இன்னொருவர், "அர்த்தமெல்லாம் கேட்கக் கூடாது, ரசிக்கணும்" என்பார். முதல் கட்சிக்கு அர்த்தம் என்பது எங்கோ பூட்டிவைத்த நோட்ஸ். இரண்டாவது கட்சிக்கு அது அவரவர் கனவு. சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் பார்த்துப் பேசுகிறேன். இந்த இரண்டு எண்ணத்தையும் கழற்றி வைக்கவே பாதி நேரம் போய்விடுகிறது.

ஒரு படத்துக்குப் பொருள்கொள்வது என்றால் என்ன, அதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது என்று இங்கே பார்க்கலாம். மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுப் போன வரலாற்றைச் சொல்லும் ஓவியங்களை வைத்தே பேசுகிறேன். உங்களுக்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் வராது.

## தெருமுனையில் ஒரு பந்தல்

பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஒரு தெருமுனையில் பந்தல் போட்டிருக்கிறது, பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருக்கின்றன. என்ன விசேஷம்? இன்னும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கும் பந்தல் போடுவார்கள், சாவுக்கும் போடுவார்கள். பஸ் கொஞ்சம் நகர்கிறது. குலையோடு வாழைமரம் கட்டியிருப்பது தெரிகிறது. சரி, நல்ல காரியம்தான், கல்யாணமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். பக்கத்து சீட்டு அம்மா சொல்கிறார்: "ஆடி மாசத்துல யாருங்க கல்யாணம் வைக்கிறா? வேப்பிலை கட்டியிருக்கு பாருங்க. அம்மனுக்குக் கூழ் ஊத்துறாங்க." திரும்பிப் பார்க்கிறீர்கள். ஆமாம், வேப்பிலைத் தோரணம். முதலிலேயே கண்ணில் பட்டதுதான், மனதில் பதியவில்லை.

இந்த அரை நிமிடத்தில் மூன்று வேலைகள் நடந்திருக்கின்றன. பந்தல், நாற்காலி, வாழைமரம், வேப்பிலை எல்லாம் கண்ணால் கண்டவை. "நல்ல காரியம்" என்பது கண்டதிலிருந்து நீங்கள் போய்ச் சேர்ந்த முடிவு. இதை ஊகம் என்போம். ஊகத்துக்கு ஆதாரமாக எதைத் தொட்டுக்காட்டுகிறோமோ அது சான்று. வாழைமரம் அப்படி ஒரு சான்று. ஆனால் "ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள்" என்பது பந்தலில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அது வெளியிலிருந்து கொண்டுவந்த அறிவு. அதற்குச் சூழல் என்று பெயர்.

கண்டதைச் சான்றாகக் காட்டி, சூழலோடு உரசிப் பார்த்து ஒரு முடிவைச் சொல்வதுதான் பொருள்கொள்ளல். அந்த அம்மா சொன்னது தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் அவரோடு வாதாட முடியும். வேறு சான்றைக் காட்டி அவரை மாற்ற முடியும். "எனக்கென்னவோ பொறந்தநாள் மாதிரி தோணுச்சு" என்பவரோடு என்ன பேசுவது? பழைய பாட்டுக்கு உரை எழுதியவர்களும் இந்த வழியில்தான் போனார்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு உரையாசிரியர்கள் இரண்டு பொருள் சொல்வதுண்டு. இருவருமே பாட்டில் உள்ள சொல்லைத் தொட்டுத்தான் சொல்வார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: காண்பது வேறு, ஊகிப்பது வேறு, வெளியிலிருந்து தெரிந்துகொள்வது வேறு. பிள்ளைகள் குழம்புவது மூன்றையும் ஒரே வாயில் சொல்லிவிடுவதால்.

## நான் வைத்துக்கொள்ளும் ஓவியங்கள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வடக்குக்கும் மேற்குக்கும் குடிபெயர்ந்ததைப் பெரும் இடப்பெயர்வு என்கிறார்கள். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் பேர் போனார்கள். ஜேக்கப் லாரன்ஸ் என்ற ஓவியர் 1940–41இல், தம் 23ஆவது வயதில், இதை 60 சிறு ஓவியங்களாக வரைந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வாசகமும் உண்டு.

அவர் வரைந்த விதமே தனி. பாலிலிருந்து எடுக்கும் புரதத்தில் குழைத்த வண்ணத்தை எடுத்துக்கொண்டு, எல்லாப் பலகைகளையும் பரப்பி வைத்து, ஒரு நிறத்தை அது வரவேண்டிய பலகைகளுக்கெல்லாம் தீட்டி முடித்த பிறகுதான் அடுத்த நிறத்துக்குப் போனார். பந்தியில் வரிசையாக எல்லா இலைக்கும் முதலில் உப்பு, அப்புறம் பொரியல் என்று வைத்துக்கொண்டே போவார்களே, அந்த மாதிரி. அதனால் எந்தப் படத்தில் வந்தாலும் அந்தப் பச்சை அதே பச்சைதான். அறுபதும் ஒரே கதை என்பதை நிறமே சொல்லிவிடுகிறது.

ஒவ்வொரு பலகையும் 12க்கு 18 அங்குலம். ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் கலர் பிரிண்ட் போட்டால் கிட்டத்தட்ட நிஜ அளவு வந்துவிடும். புரொஜெக்டர் இல்லாத எங்களைப் போன்ற இடங்களுக்கு இது பெரிய வசதி. நிஜ ஓவியங்கள் இரண்டு ஊரில் இருக்கின்றன: ஒற்றைப்படை எண்ணுள்ளவை வாஷிங்டனில் பிலிப்ஸ் கலெக்‌ஷனில், இரட்டைப்படை எண்ணுள்ளவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். 1942இல் இரண்டு நிறுவனங்களும் பங்கு பிரித்துக்கொண்டன. குடும்பச் சொத்தைப் பிரித்த மாதிரி இருக்கிறது என்று ஒரு பையன் சொன்னான்.

## "முகம் தெரியுதா?"

முதல் படத்தை ஒட்டிவிட்டு, கீழே உள்ள வாசகத்தைத் தாளால் மறைத்துவிடுவேன். இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. அப்புறம் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். பெரிய கூட்டம். கோட்டு, தொப்பி. மூன்று வாசல்கள். அவற்றின் மேலே சிகாகோ, நியூயார்க், செயின்ட் லூயிஸ் என்று எழுதியிருக்கிறது.

ஒருமுறை ஒரு பெண் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். "எல்லாரும் சோகமா இருக்காங்க டீச்சர்."

"முகம் தெரியுதா?"

அவள் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தாள். லாரன்ஸ் அந்தக் கூட்டத்துக்கு முகங்களை விவரமாக வரையவில்லை; பழுப்புத் திட்டுகளாகத்தான் இருக்கும். "தெரியல டீச்சர்."

"அப்போ சோகம் எங்க இருக்கு?"

ரொம்ப நேரம் நின்றாள். "நெருக்கியடிச்சுப் போறாங்க. நடுவுல இடமே இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே திருத்திக்கொண்டாள்: "சோகம் இல்ல டீச்சர், அவசரம்."

சோகம் என்ற சொல் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஊரைவிட்டுப் போவது என்றாலே சோகம் என்று சினிமாவும் பாடப்புத்தகமும் பழக்கியிருக்கின்றன. அவசரம் என்ற சொல் படத்திலிருந்து வந்தது. நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. "எங்க இருக்கு?" என்று மட்டும்தான் கேட்டேன். இந்தக் கேள்வி என் கண்டுபிடிப்பும் இல்லை. நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் இருந்த ஃபிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்வியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாலே வகுப்பு மாறிவிடும்.

## ஊர் பெயர் இல்லாத ஊர்

கண்டதைச் சொல்லி முடித்த பிறகுதான் ஊகத்துக்கு வருவோம். இங்கே பிள்ளைகள் நம்மை மிஞ்சிவிடுவார்கள். அந்த மூன்று வாசல்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், "போற ஊருக்குத்தான் பேர் எழுதியிருக்கு. இவங்க எந்த ஊர்னு எங்கயுமே இல்ல" என்றான். இதே படத்தைப் பல வாரம் வைத்திருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

"ஏன் எழுதாம விட்டிருப்பாங்க?" என்று கேட்டதற்கு இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று, கிளம்புகிறவர்களுக்கு இனி அந்த ஊர் முக்கியம் இல்லை. இன்னொன்று, ஒரு ஊர் பெயரைப் போட்டால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் போனதாக ஆகிவிடும். இரண்டுமே ஊகம். இரண்டுக்கும் ஒரே சான்று. எது பலமானது என்று படத்துக்குள்ளேயே தேடினால் கிடைக்காது. இங்கேதான் சூழல் தேவைப்படுகிறது.

நானும் முதலில் எல்லா ஆசிரியர்களையும் போல வரலாற்றை முதலில் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் நான் சொன்னதையே படத்தில் தேடி எடுத்துத் திருப்பித் தந்தார்கள். வரலாறு இரண்டாவதாக வந்தால் அது அவர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு விடையாக வருகிறது.

## என்ன நடந்தது?

சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. 1910இல்கூடக் கறுப்பின மக்களில் பத்தில் ஒன்பது பேர் தெற்கிலேயே இருந்தார்கள். பலர் வெள்ளையர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர்கள். விளைச்சலில் பங்கு, விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன், கணக்கு நோட்டு நிலக்காரர் கையில். இந்த ஏற்பாட்டில் கடன் எப்படித் தீரும் என்பதை நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம், ரயில் பெட்டி, குடிதண்ணீர்க் குழாய் எல்லாம் வெள்ளையருக்கும் கறுப்பின மக்களுக்கும் தனித்தனி. பருத்தியைக் கூன்வண்டு அழித்தது. 1914இல் முதல் உலகப்போர் தொடங்கியதும் ஐரோப்பாவிலிருந்து கூலிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வடக்கே தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. ரயில் ஏறினார்கள். அதைத் தடுக்கத் தெற்கத்தி அதிகாரிகள் ரயில் நிலையத்துக்கே வந்து ஆட்களைக் கைது செய்ததும் உண்டு.

இதைச் சொன்னதும் அந்தப் பையன், "அப்போ எல்லா ஊர்லருந்தும்தான் போயிருக்காங்க. அதான் பேர் போடல" என்றான். இரண்டாவது ஊகம் பலமடைந்தது. முதலாவது செத்துவிடவில்லை, கொஞ்சம் பின்னால் போய் நிற்கிறது.

வாசகத்தை மறைத்த தாளை இப்போது எடுக்கலாம். உலகப்போர்க் காலத்தில் தெற்கத்திக் கறுப்பின மக்கள் பெருந்திரளாக வடக்கே போனார்கள் என்கிறது அது. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. 1941இல் லாரன்ஸ் எழுதிய வாசகத்தில் ‘நீக்ரோ’ என்ற சொல் இருந்தது. 1993இல் அவரே வாசகங்களைத் திருத்தியபோது அது ‘ஆப்பிரிக்க அமெரிக்கர்’ ஆனது. படம் மாறவில்லை, அதைச் சொல்லும் சொல் மாறியது. சூழலும் காலத்தோடு நகரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை: முதலில் காண்பது, பிறகு ஊகம், பிறகுதான் சூழல். சூழல் ஊகங்களில் சிலவற்றைத் தூக்கிவிடும், சிலவற்றைக் கீழே இறக்கும்.

## வெறும் கயிறு

15ஆம் படம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்கும் யோசித்துத்தான் காட்டுவேன். ஒரு மரக்கிளை. அதிலிருந்து தொங்கும் சுருக்குக் கயிறு. கீழே ஓர் உருவம் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

வாசகம் இல்லாமல் பார்த்த பிள்ளைகள் பெரும்பாலும், "அந்த ஆள் தூக்கு மாட்டிக்கப் போறார்" என்கிறார்கள். கயிறு இருக்கிறது, சோர்ந்த உருவம் இருக்கிறது, சான்று சரிதான். ஆனாலும் ஊகம் தவறு. விசாரணை ஏதும் இல்லாமல் கும்பல் ஒருவரைப் பிடித்துக் கொன்ற கும்பல் கொலைகளைப் பற்றிய படம் இது. அப்படி ஒரு கொலை நடந்த ஊரில், அதுவரை கிளம்பத் தயங்கியவர்களும் உடனே கிளம்பினார்கள் என்கிறது வாசகம். சான்று மட்டும் போதாது என்று எவ்வளவு சொன்னாலும் ஏறாதது, இந்த ஒரு படத்தில் ஏறிவிடும்.

அப்புறம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: படத்தில் இருக்க வேண்டியது எது இல்லாமல் இருக்கிறது? செத்தவர் இல்லை. கொன்ற கும்பல் இல்லை. இருப்பது கயிறும், பிழைத்திருப்பவர் ஒருவரும். லாரன்ஸ் கொலையைக் காட்டாமல் கொலைக்குப் பிறகு வரும் நேரத்தைக் காட்டுகிறார். ஊரைவிட்டுப் போகலாமா என்று முடிவெடுக்கும் நேரம் அது. ஒரு பிணத்தை வரைந்திருந்தால் நம் கண் அதைவிட்டு நகர்ந்திருக்காது. இது என் ஊகம். மறுக்க விரும்புகிறவர்கள் படத்தைத் தொட்டுக்காட்டி மறுக்கலாம்.

## முதுகு காட்டும் மூன்று பேர், இரண்டு முறை

தனிப்படத்தில் புலப்படாதது, பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் புலப்படும். உருவங்களும் நிறங்களும் படத்துக்குள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு அமைப்பு என்று பெயர். அமைப்பை விளக்கிச் சொல்வதைவிட, ஒரே மாதிரி அமைந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவது மேல்.

22ஆம் படத்தில் மூன்று ஆண்கள். நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். எதிரே கம்பிகள். கைகளில் விலங்கு. ஒன்றுமில்லாத காரணத்துக்கெல்லாம் கைது செய்தார்கள் என்பது வாசகத்தின் சாரம். 58ஆம் படத்தில் மூன்று சிறுமிகள். அவர்களும் நமக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்கள். எதிரே கரும்பலகை. எட்டி எட்டி எண்களை எழுதுகிறார்கள். வடக்கில் கிடைத்த கல்வி வசதியைப் பற்றிய படம்.

இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டு நான் ஒன்றும் கேட்பதில்லை. கொஞ்ச நேரத்தில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்: அங்கே கை கட்டியிருக்கிறது, இங்கே கை மேலே போகிறது. முதுகு ஒன்றுதான், மூன்று பேர் என்பதும் ஒன்றுதான். லாரன்ஸ் இதை மனதில் வைத்துத்தான் வரைந்தாரா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் அவர் நினைத்தாரா என்பதை நிரூபித்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும் என்றில்லை. இரண்டு படங்களும் கண்முன்னால் இருக்கின்றன.

வடக்கே போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெருக்கடியான வீடுகள், அங்கேயும் பாகுபாடு, 1917இல் கிழக்கு செயின்ட் லூயிஸிலும் 1919இல் சிகாகோவிலும் நடந்த இனக் கலவரங்கள் எல்லாம் இந்த வரலாற்றில் உண்டு. கலவரத்துக்கும் லாரன்ஸ் இடம் கொடுத்திருக்கிறார்.

## யார் சொல்கிற கதை?

"இது உண்மையா நடந்ததா, கற்பனையா?" என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது கேட்பார். வரலாற்று ஓவியத்தைப் போட்டோவாக எடுத்துக்கொள்வது பரவலான தப்பு. லாரன்ஸ் பிறந்தது 1917இல், தெற்கில் அல்ல, நியூஜெர்சி மாநிலத்து அட்லாண்டிக் சிட்டியில். 13 வயதில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்தார். அவருடைய பெற்றோரே இப்படி இடம்பெயர்ந்து வந்தவர்கள். வீட்டிலும் தெருவிலும் கேட்ட கதைகளும், ஹார்லெம் 135ஆம் தெரு நூலகத்தில் படித்தவையும்தான் அவருக்கு மூலம். ஆக இது உள்ளேயிருந்து சொல்லப்படும் கதை. ஆனால் கண்ணால் கண்டவரின் சாட்சியம் என்று சொல்ல முடியாது. இப்படி யார், எங்கே நின்று சொல்கிறார் என்பதைத்தான் பார்வைக் கோணம் என்கிறோம். அதே ரயில் நிலையத்தை, கூலியாட்களை இழந்துகொண்டிருந்த ஒரு பருத்தித் தோட்டக்காரர் வரையச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைகளை வரையச் சொல்வேன். ஒரு பெண் காலி வயலையும் ஒற்றை நாயையும் வரைந்தாள்.

## "எங்க மாமா போன மாதிரியே"

படத்தைப் பார்த்ததும், "எங்க மாமா திருப்பூர் போன மாதிரியே இருக்கு டீச்சர்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அதை வெட்டிவிடக் கூடாது. அந்தப் பிள்ளை படத்துக்குள் நுழைந்த வாசல் அது. ஆனால் அங்கேயே நின்றுவிடவும் கூடாது. "உங்க மாமா ஏன் போனார்? இவங்க ஏன் போனாங்க?" என்று கேட்டால் அந்தப் பிள்ளையே பிரித்துச் சொல்லும். வேலைக்காகப் போனது இரண்டிலும் ஒன்று. ரயில் நிலையத்தில் கைதாகும் பயமும், மரத்தில் தொங்கும் கயிறும் மாமாவுக்கு இல்லை. சில ஆசிரியர்கள், "நீ அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று நினைத்துக் கடிதம் எழுது" என்று உடனே பயிற்சி கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சான்று பார்க்கப் பழகும் முன் கடிதம் எழுதச் சொன்னால், "அன்புள்ள அம்மா, நான் நலம்" என்று தொடங்கி அந்தப் பழைய சோகமே திரும்பி வந்துவிடும்.

## ரயில் எங்கே?

கடைசியாக 60ஆம் படம். மறுபடியும் ரயில் நிலையம், மறுபடியும் கூட்டம். இடம்பெயர்ந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்பது வாசகம். லாரன்ஸ் இதை வரைந்த பிறகும் 30 வருடம் போல அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

முதல் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தோம். வாஷிங்டனும் நியூயார்க்கும் எங்கள் நூலகச் சுவரில்தான் சந்தித்துக்கொள்கின்றன. முதல் படத்துக் கூட்டம் வாசல்களை நோக்கிப் போகிறது. இங்கே பிளாட்பாரத்தில் நம் பக்கம் திரும்பி நிற்கிறது. "இவங்க நம்மளப் பாக்குறாங்க" என்றான் ஒருவன். எல்லோரும் ஆமாம் என்றார்கள், நானும்தான்.

சோகத்தை அவசரமாகத் திருத்திய அந்தப் பெண் தலையாட்டினாள். "நம்மள இல்ல டீச்சர். வரப்போற ரயிலப் பாக்குறாங்க."

"எதைப் பார்த்துச் சொல்ற?"

எழுந்துபோய்ப் படத்தின் அடிப்பக்கத்தில் விரலை வைத்தாள். "தண்டவாளம் இங்கதான இருக்கு, நமக்கும் அவங்களுக்கும் நடுவுல."